பிராணாயாமமும் மனவமைதியும்

திருமூல நாயனார் அருளிச்செய்த திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தின் இயல்பை விரித்துரைக்கும். இயமம், நியமம், ஆதனம் என்னும் மூன்றன் பின்னர் நான்காவதாக ஆண்டு நிற்பது பிராணாயாமம். மூவாயிரத்தின் மேற்பட்ட செய்யுட்களையுடைய பத்தாந் திருமுறையில் இவ்வதிகாரத்திற்கு உரியன பதினான்கு செய்யுட்களே. எனினும், ஏனைத் தந்திரங்களைப் பெயரளவானும் அறியாதார் பலர், இப்பதினான்கனுள் இரண்டொன்றை நாத்தழும்பேற ஓதி, மனத்தின் இறுக்கம் தீர்தற்கும், சினம் அச்சம் கவலை முதலியன அடங்குதற்கும் மூச்சுப் பயிற்சியே மருந்தென்றும், திருமூலர் கூறியதும் அதுவேயென்றும் எழுதியும் பேசியும் வருகின்றனர். சைவ நூற்பயிற்சி மிக்காருள் மற்றொரு சாராரோ, மூக்கைப் பிடித்தல் ஞானமாகாது, அஃது உடற்பயிற்சியின் பாற்படும், சித்தாந்திக்கு அதனால் ஆவதென்னை என்று அப்பகுதியை ஒதுக்கிச் செல்வர். இவ்விரு திறத்தார் கூற்றும் மூலத்தோடு எத்துணை இயையும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதொன்றன்று. காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தை எடுத்துக்கொள்க. ஏரிப்பாசனத்தை நம்பிய நெல் விளை நிலங்கள் சூழ்ந்த நாடு அது. பருவமழை பிழைப்பின் கடன், மிகுப்பின் பயிரழிவு, கடன்பட்டார் நெஞ்சுக்குத் துயில் ஏது? மனவழுத்தம் என்பது நகரத்து அலுவலகங்களிற் பணிபுரிவார்க்கே உரியதென்று நினைத்தல் பிழை. 2015-ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் சூன் 21-ஆம் நாள் உலக யோக நாளாகக் கொண்டாடப்பட்டு வருதலின், ஊர்ப்புறத்துப் பள்ளிச் சிறாரும் மூச்சுப் பயிற்சி என்னும் சொல்லை அறிவர். அப்பயிற்சிக்குச் சான்றாகத் திருமந்திரம் காட்டப்படுமிடத்து, நூல் சொல்லாததனைச் சொல்லியதாகவும், சொல்லியதனைச் சொல்லாததாகவும் கொள்ளின், துன்புற்று வருவானொருவனுக்கு இழைக்கப்படுங் கேடு சிறிதன்று.

முதற்கண் மூலத்தை நோக்குக. அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நாயனார் உயிர்ப்பைக் குதிரையாக உருவகிக்கின்றார். ஐம்பொறிகட்குத் தலைவனாய் உடலாகிய ஊரை ஆளும் உயிர், உய்தற்பொருட்டு ஏறிச் செல்லும் ஊர்தி அது. அக்குதிரை மெய்யராயினார்க்குப் பிடிகொடுக்கும்; பொய்யராயினாரைத் துள்ளி வீழ்த்திவிடும் என்பது அவர் கருத்து. அடுத்த செய்யுளிற் குதிரை இரண்டு உளவென்றும், அவற்றைப் பற்றும் உபாயம் அறிவார் இலரென்றும், குருவருள் வாய்ப்பின் அவை வசப்படுமென்றும் கூறுவர். இரண்டென்றது இடகலை பிங்கலை வழியாக இயங்கும் உயிர்ப்பினை. மூன்றாவது செய்யுளே இந்நாளார் பெரிதும் விரும்பி எடுத்தாளுவது. பறவையினும் விரைந்த அப்புரவியின்மேற் கொண்டார்க்குக் கள்ளுண்ணாமலே களிப்புண்டாம், சோம்பல் அகலும், நடையில் துள்ளல் தோன்றும் என்பது அதன் திரண்ட பொருள்.

மனநிலையைச் செம்மைசெய்யும் ஆற்றல் உயிர்ப்பிற்கு உண்டென்று நாயனார் உடன்பட்டார் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா. இம்மட்டில் முதற்சாரார் கூறுவது மெய்யே. ஆயின் இம்மூன்று செய்யுட்களையும் ஒருங்கு வைத்துக் காண்பார்க்குப் பிறிதொன்றும் புலனாகும். களிப்பைக் கூறுஞ் செய்யுள் தனித்து நிற்பதன்று. மெய்மையை வேண்டுஞ் செய்யுளும் குருவருளை வேண்டுஞ் செய்யுளும் வாயில் காவலராய் முன் நிற்ப, அவ்விருவரையுங் கடந்தே களிப்பினிடத்துச் செல்லுதல் கூடும். இந்நாட் சிறு நூல்கள் காவலரை விலக்கிவிட்டுக் களிப்பை மட்டும் கையகப்படுத்த முயல்கின்றன.

மெய்யர் என்பதற்குப் பயிற்சியில் உண்மையாக முயல்வார் என்று பொருள் கூறலாகாதோ எனின், தனிச் செய்யுளாகக் கொள்ளின் ஆகும். அதிகார முறை அதற்கு இடந்தாராது. இதற்கு முன்னரே இயமம் நியமம் என்னும் அதிகாரங்களில் கொல்லாமை, பொய்யாமை, களவின்மை முதலிய ஒழுக்கங்களை ஓதி, அவற்றின் மேல் ஆதனத்தை வைத்து, அதன் மேல் இவ்வதிகாரத்தை வைத்தார். படி நான்காயின், நான்காம் படியில் நிற்பான் முன்னைய மூன்றையும் மிதித்தேறியவன் என்பது சொல்லாமலே அமையும். ஆதலின் மெய்யர் என்றது அவ்வொழுக்கத்தில் நின்றாரையே குறிக்குமெனக் கொள்ளுதல் நூலுக்கு இயைபுடைத்து. பதஞ்சலி முனிவரும் தம் யோக நூலில் பிராணாயாமத்தை இயம நியம ஆதனங்களின் பின்னரே வைத்தார். துக்கம், மனவாட்டம், உடல்நடுக்கம், நிலைகுலைந்த உயிர்ப்பு என்னும் நான்கும் சிதறிய சித்தத்தோடு உடன் நிகழ்வன என்று அந்நூலின் முதற் பாதத்திலே அவர் குறித்தமையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. மனம் கலங்கின் மூச்சுக் கலங்கும் என்பதனை அறிதற்கு இக்காலத்துக் கருவிகள் வரும்வரை அம்முன்னோர் காத்திருந்தாரல்லர்.

இனி ஒதுக்கிச் செல்வார் கூற்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளையும் நிறுத்தி, யோகத்தைச் சகமார்க்கம் என்று பெயரிட்டு, அதன் பயனாகச் சாரூபத்தைக் கூறினார். ஞானமே முத்திக்கு நேர்வாயில் என்பதனால் யோகம் இகழற்பாலதாயின், சரியையும் கிரியையும் அதனினும் இகழற்பாலனவாய் முடியும். திருவலகிடுதலும் திருவிளக்கேற்றுதலும் வீண்செயலாம். அங்ஙனங் கூறும் சைவர் யாருமிலர். அன்றியும், அதே மூன்றாந் தந்திரத்துக் காயசித்தி உபாயத்தில், உடம்பை இழுக்கென்று கருதியிருந்த நிலையினின்று, அதனுள் இறைவன் கோயில்கொண்டமை கண்டு அதனைப் பேணும் நிலைக்குத் தாம் வந்தமையை நாயனாரே வெளிப்படக் கூறினர். உடற்பயிற்சி என்னுஞ் சொல்லை வசையாக வழங்குவார் அவ்விடத்தை மறந்தனர் போலும்.

மருத்துவ நூலார் இக்காலத்துக் கண்டனவற்றையும் ஒருசிறிது நோக்குதல் தகும். உயிர்ப்பை உள்ளிழுக்குங்கால் நெஞ்சத்துடிப்புச் சிறிது விரைதலும், வெளிவிடுங்கால் தணிதலும் உடலின் இயற்கை. வெளிவிடுதலை நீட்டின், மூளையினின்றிறங்கி நெஞ்சு வயிறு முதலியவற்றைச் சேரும் வேகஸ் நரம்பின் செயல் ஓங்கித் துடிப்பை அடக்கும். 2001-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு ஆய்வாளர் பெர்னார்டி முதலியோர் 23 பேரைக் கொண்டு, கத்தோலிக்கரது செபமாலை மன்றாட்டை இலத்தீன் மொழியிலும், திபெத்தியர் மந்திரத்தை அதன் மொழியிலும் ஓதுவித்து ஆய்ந்தனர். ஓதுவார்தம் உயிர்ப்பு, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவிற்குக் குறைந்ததென்றும், குருதியழுத்தத்தைச் சமன்செய்யும் உடலமைப்பு அதனால் திறம் மிகுந்ததென்றும் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். 2017-இல் எலிகளிடத்து நிகழ்ந்த ஆய்வொன்று, மூளைத்தண்டில் உயிர்ப்பை நடத்தும் பகுதியினின்று விழிப்பையும் பரபரப்பையும் எழுப்பும் பகுதிக்குச் செல்லும் நரம்பணுக்களைக் காட்டிற்று. அவ்வணுக்கள் நீக்கப்பட்ட எலிகள் வழக்கத்தின் மிக அமைதியாயிருந்தன. 2023-இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார், நூற்றுக்கு மேற்பட்டாரைப் பகுத்து, நாடோறும் ஐந்து நிமிடம் ஒரு திங்கள் பயிலச் செய்தனர். மூக்கால் இருமுறை உள்ளிழுத்து வாயால் நெடிது வெளிவிடும் பெருமூச்சு முறையைப் பயின்றார்க்கே மனநிலை மிகத் திருந்தியதென்று கண்டனர்.

இவையெல்லாம் திருமூலர் கூற்றிற்குச் சான்றென்று துள்ளுவார் சிறிது பொறுத்தல் வேண்டும். நாயனார் கூறிய அளவு பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்துநான்கு, இரேசகம் முப்பத்திரண்டு மாத்திரை. வெளிவிடுதல் உள்ளிழுத்தலின் இருமடங்காதல் மருத்துவர் கண்டதனோடு நன்கு ஒக்கும், அதனை மறுத்தற்கில்லை. கும்பகத்தின் நிலை வேறு. மூன்றையுங் கூட்டின் 112 மாத்திரையாம். மாத்திரையாவது கண்ணிமைப்பொழுது, கைந்நொடிப்பொழுது என்பது இலக்கண நூலார் துணிபு. அதனை ஒரு வினாடி என்று கொள்ளின் ஓர் உயிர்ப்பு இரண்டு நிமிடத்தை அணுகும். அரை வினாடி என்று சுருக்கினும் 56 வினாடிக்குக் குறையாது. பெர்னார்டி முதலியோர் கண்டதோ ஓர் உயிர்ப்பிற்குப் பத்து வினாடி. ஆண்டு நெடிய கும்பகம் என்பதே இல்லை. பத்து வினாடிப் பயிற்சியின் பயனைக் கண்டார் கூற்றை, அதன் ஐந்தாறு மடங்காகவும் பதினொரு மடங்காகவும் நீளும் பயிற்சிக்குச் சான்றாக்குதல், ஓரூரின் வழியை வேற்றூர்க்குக் காட்டுதலோடொக்கும்.

இது வெறுங் கணக்கன்று. நெஞ்சநோயுடையார், குருதியழுத்தம் மிக்கார், கருவுற்ற மகளிர் ஆகியோர் மூச்சை நெடிது அடக்குதல் ஆகாதென்று மருத்துவர் விலக்குவர். அச்சநோய் மிக்கார் சிலர்க்கு உயிர்ப்பின்மேற் கருத்தை நிறுத்துதலே அச்சத்தை வளர்த்தலும் உண்டு. குதிரை துள்ளி வீழ்த்தும் என்றது அணிநயம் பற்றி மட்டும் கூறியதன்று போலும். அச்சடித்த நூலில் எண்களைக் கண்டு தனியே அமர்ந்து பயில்வார்க்கு அவ்வெண்களின் பக்கத்தே நாயனார் வைத்த குருவருள் என்னுங் காவலும் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? எண்ணை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விடுத்தல் பதிப்பறமுமன்று, உயிரறமுமன்று.

இவ்வளவும் மூலத்தின் இயைபு பற்றியது. உயிர்ப்பு மனத்தை எங்ஙனம் அடக்கும், எம்மட்டு அடக்கும் என்னும் வினாவிற்கு விடை காணும் இடம் மெய்கண்ட நூல்களே. சிவஞான போதத்து மூன்றாஞ் சூத்திரம் உடல் முதலியவற்றின் வேறாக உயிர் உண்டென்பதனை ஏதுக்கள் பல காட்டி நிறுவுவது. அவற்றுளொன்று பிராணனே ஆன்மா என்பாரை மறுப்பது. துயிலுங்கால் உயிர்ப்பு ஓயாது இயங்குகின்றது. ஆயினும் அக்காலத்து இன்பதுன்ப நுகர்ச்சியுமில்லை, தொழிலுமில்லை. உயிர்ப்பே நுகர்வோனாயின் துயிலிலும் நுகர்ச்சி நிகழ்தல் வேண்டும். நிகழாமையின் நுகர்வோன் வேறு என்பது அதன் முடிபு. கடன்பட்ட உழவன் துயிலுமளவும் கடன் அவனை வருத்துவதில்லை. விழித்த மாத்திரையே வருத்துகின்றது. மூச்சு இரவெல்லாம் இருந்தபடியே இருந்தது. வருத்தம் மூச்சினுடையதன்று என்பது இதனால் தெளியப்படும்.

நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களை அமைச்சராகவும் உயிரை அரசாகவும் வைத்து உரைக்கும். ஐந்தவத்தை கூறுமிடத்து, நனவில் முப்பத்தைந்து கருவிகளும், கனவில் இருபத்தைந்தும் தொழிற்பட, சுழுத்தியில் சித்தமும் பிராணனும் புருடனும், துரியத்திற் பிராணனும் புருடனும், துரியாதீதத்திற் புருடன் மட்டுமே நிற்பதென்ப. ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. மனம் புத்தி அகங்காரம் எல்லாம் கழன்ற பின்னும் உயிரைவிட்டு நீங்காது கடைசிவரை உடன் நிற்குங் கருவி பிராணன். சித்தத்திற்கும் பின்னே நிற்பது அது. அணிமையின் மிக்க அக்கருவியைப் பற்றி ஏனைக் கருவிகளை ஆளுதல் கூடுமென்பதில் வியப்பு யாது? மனமும் மாயையின் காரியம், வளியும் மாயையின் காரியம். சடத்தைச் சடத்தால் தடுத்தல் உலகியல்பு. கடிவாளம் குதிரையைத் தடுப்பதும் அங்ஙனமே. ஆகவே மூச்சுப் பயிற்சியால் மனம் அமைதியுறும் என்று மருத்துவர் கூறுவதனைச் சித்தாந்தி மனமுவந்து ஏற்கலாம். அதனை மறுத்தற்கு அவனுடைய நூல்களில் இடமில்லை. மாறாக, அஃது ஏன் நிகழுமென்பதற்குக் காரணமே அந்நூல்களில் உண்டு.

அற்றேல், எல்லாக் கலக்கமும் மூச்சினால் தீருமோ எனின், ஈண்டே வேறுபாடு தோன்றும். அருணந்தி சிவாசாரியார் இருபா இருபஃதில் மும்மலங்களின் குணங்களைத் தனித்தனி வகுத்தார். ஆணவத்திற்கு எட்டு, மாயைக்கு ஏழு, கன்மத்திற்கு ஆறு. அவற்றுள் சினம், கொலை, துயரம், செருக்கு என்னுங் கருத்தினவற்றை ஆணவத்தின்பாலும், பொய், அயர்வு, பொறாமை, அச்சம் என்னுங் கருத்தினவற்றை மாயையின்பாலும் வைத்தார். மயக்கத்தை இரண்டிடத்தும் வைத்தார். உணர்ச்சிகள் யாவும் ஓரினத்தன, ஒரு மருந்தின என்று கொள்ளும் இந்நாள் வழக்கிற்கு இப்பகுப்பு நேர்மாறானது. அச்சமும் சினமும் நெஞ்சத்துடிப்பை ஒருபடித்தாகவே விரைவிக்கும். கருவிகொண்டு அளப்பார்க்கு அவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அவை முளைக்கும் நிலம் வேறென்றார் ஆசிரியர்.

இதன்மேல் ஒரு தடை எழும். மெல்ல உயிர்த்தால் சினமும் தணிவது கண்கூடாயிருக்க, அதனை ஆணவத்தின் குணமென்றல் யாங்ஙனம் பொருந்துமெனின், தணிவது யாதென்று பிரித்தறிதல் வேண்டும். முகஞ்சிவத்தல், உடல் நடுங்குதல், மூச்செறிதல் ஆகிய இவை உடலில் நிகழும் மாயாகாரியங்கள், இவை தணியும். என்னை இவன் இகழ்ந்தானே என்னும் முனைப்புத் தணிவதில்லை. அடங்கிக் கிடந்து நாளை எழும். புளியிட்டு விளக்கிய செம்புக்குடம் அன்று ஒளிர்ந்து மறுநாட் களிம்பேறுவதனை இல்லத்து மகளிர் யாவரும் அறிவர். ஆணவத்தைச் செம்பிற் களிம்பென்று சான்றோர் உவமித்தது இதனைக் கருதியே. குளிகையாலன்றிக் களிம்பு அறாது. அங்ஙனமே அருளாலன்றி மலம் அறாது.

எதிர்மறையாகவும் ஒரு தடை உண்டு. மாயையின் குணங்களுள் பொறாமையும் பொய்யும் வைக்கப்பட்டனவே. அவை மூச்சினால் நீங்குமோ என்பது. நீங்கா என்பதே நேர்மையான விடை. இருபா இருபஃது மருந்துப் பட்டியலன்று. குணந்தோறும் ஒரு பரிகாரத்தை அதனின்று பிழிந்தெடுத்தல் நூலுக்கு இழுக்கு. அயர்வும் அச்சமும் போல உடலோடு ஒட்டியன மூச்சுக்கு எளிதில் வசப்படும். பொய்யும் பொறாமையும் இயம நியமங்களையே வேண்டும். ஆதலினன்றே அவ்விரண்டும் பிராணாயாமத்திற்கு முன் வைக்கப்பட்டன.

உத்திரமேரூரிலேயே இதற்கு ஓர் உவமை கண்முன் உளது. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களால் அவ்வூர் உலகறியப் பெயர்பெற்றது. வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறை ஒன்றனையே யாவரும் போற்றுவர். ஆண்டு ஏரி வாரியம் என ஒன்று இருந்தமையையும், வைரமேக தடாகம் என்னும் பேரேரியைத் தூர்வாரிக் காத்தற்கு நிவந்தங்கள் விடப்பட்டமையையும் கருதுவார் சிலரே. ஏரிக்கு மதகும் வேண்டும், தூர்வாருதலும் வேண்டும். மதகு நீரை அளவாக விடும். வெள்ளம் கரையை உடையாதபடி காக்கும். ஆயினும் எத்துணை நுட்பமாக மதகைத் திறந்து மூடினும் அடியிற் படிந்த வண்டல் ஒரு கூடையளவும் குறையாது. வண்டல் ஏறஏற ஏரி கொள்ளும் நீர் குறைய, சிறு மழைக்கும் கரை ததும்பும். பிராணாயாமம் மதகு. அதனை இகழ்வான் வெள்ளத்தில் ஊரை இழப்பான். அதுவே தூர்வாருதலென்று நம்பினான் ஏரியையே இழப்பான்.

இனி மதகைப் பற்றியும் ஒரு சொல். அடக்கற்பாலன அல்லாத உணர்ச்சிகளும் உள. பிறன் நிலத்தைப் பொய்ப்பத்திரத்தால் கவர்ந்தானொருவனுக்கு இரவிலே நெஞ்சு படபடத்தல் நோயன்று. அவனிடத்து எஞ்சியிருக்கும் நன்மை அது. அவன் நாடோறும் ஐந்து நிமிடம் மெல்ல உயிர்த்து இனிது துயில்வானாயின், மருத்துவர் அளவையின்படி நலமுற்றான். நாயனார் அளவையின்படி குதிரை அவனை வீழ்த்திவிட்டது. அங்ஙனமே, வட்டிக்கு மேல் வட்டி வாங்கப்பட்டு நலியும் உழவனொருவனை நோக்கி, நின் மூச்சைச் சீர்செய்துகொள் என்று மட்டும் கூறி அகலுதலும் அறமாகாது. அவன் அஞ்சுதற்குக் காரணம் உண்டு. மூச்சைச் சீர்செய்தல் அவனுக்கு அன்றிரவுத் துயிலைத் தரலாம். அது நன்றே, அதனை ஈதலும் அறமே. ஆயினும் மறுநாட் காலையில் கணக்கு அங்ஙனமே இருக்கும். துயின்றெழுந்த தெளிவோடு அக்கணக்கை எதிர்நோக்குதற்குத் துணையாமளவே பயிற்சியின் பயன்.

உணர்ச்சியை அடக்குதலே மேன்மையென்று சைவம் யாண்டுங் கூறியதில்லை என்பதனையும் மறத்தலாகாது. ஐம்பூதத் தலங்களுள் கச்சி ஏகம்பம் நிலத்துக்குரியது, திருக்காளத்தி வளிக்குரியது. வளித்தலமாகிய அக்காளத்தியிலே அருள்பெற்றவர் யார்? வளியடக்கும் முறையைப் பெயரானும் அறியாத கண்ணப்ப நாயனார். இறைவன் திருக்கண்ணிற் குருதி கண்ட அளவில் அவர் பதைபதைத்து வீழ்ந்தார். ஊன் சிதற, வில்லும் அம்பும் நழுவ நின்றார். அப்பொழுது யோகநூல் வல்லானொருவன் அருகிலிருந்து, ஐய, மூச்சை மெல்ல விடுக என்றிருப்பின் எங்ஙனமிருக்கும்! பதைப்பு அவரிடத்துத் தடுக்கற்பாலதொரு நோயாயிற்றில்லை. அன்பின் மிகுதியால் உயிர்ப்புக் குலைதல் வேறு, முனைப்பின் மிகுதியாற் குலைதல் வேறு. இரண்டையும் நெஞ்சத்துடிப்பின் எண்ணால் வேறுபடுத்தல் இயலாது. உணர்ச்சியைச் செம்மைசெய்தல் என்னுந் தொடரை வழங்குவார், எவ்வுணர்ச்சியை, எதன்பொருட்டு என்னும் இரண்டு வினாக்களையும் விடுத்து வழங்குவதே அத்தொடரின் குறை.

மற்றொன்று. பெர்னார்டி முதலியோர் கண்டது மூச்சுப் பயிற்சியின் பயனை மட்டுமன்று. மூச்சை எண்ணாமல் இறைமொழியை ஓதினார்க்கு மூச்சுத் தானே அடங்கியதனை. ஓதினார் கருத்து மூச்சில் இல்லை. திருப்பதிகத்தைப் பண்ணோடு ஓதுங்கால் அடியின் இறுதிவரை ஒரே மூச்சை நீட்டி விடுதலும், அடியிடையே குறுகப் பெறுதலும் ஓதுவார்க்கு இயல்பாயமைந்த வழக்கம். வெளிவிடுதல் நீளுதலும் உள்ளிழுத்தல் குறுகுதலும் ஆகிய அம்முறையையே இந்நாளையார் பயிற்சியென்று கற்பிக்கின்றனர். உத்திரமேரூர்க் கயிலாயநாதர் திருமுன்னரோ, அதற்கணித்தாகிய திருப்புலிவனத்துத் தென்முகக் கடவுள் திருமுன்னரோ, மாலைப்பொழுதில் ஒரு பதிகம் ஓதி மீளும் முதியாள் ஒருத்தி, தான் பிராணாயாமம் செய்ததாக நினையாள். யோகமாகிய மூன்றாம் நெறியிற் கைகூடும் பயனொரு கூறு, சரியையாகிய முதல் நெறியில் நின்றாளுக்கு உடன்வந்து வாய்த்தது. கணக்கிட்டுப் பயில்வாரினும் அவள் ஒருவகையில் மேலாயினாள். அமைதியை விரும்பி அவள் ஓதினாளல்லள் ஆதலின்.

இதனால் மூச்சைக் கணக்கிட்டுப் பயில்வார் அதனை விடுக என்பது கருத்தன்று. பத்து வினாடி உயிர்ப்பு ஏழைக்கும் பொருட்செலவின்றி வாய்ப்பது. மாத்திரைகளை வேண்டாது இரவைக் கழிக்க உதவுமாயின் ஊரார் யாவர்க்கும் கற்பிக்கலாம். கும்பகம் வேண்டா, ஆண்டுத் திருமூலர் பெயரும் வேண்டா. அவர் பெயரைச் சேர்ப்பின் அவர் வைத்த நிபந்தனைகளையும் சேர்த்தல் வேண்டும்.

திருமந்திரத்தினின்று பிராணாயாம அதிகாரத்தைத் தனியே பிரித்து அச்சிடுவார்க்கு இது பெருஞ்செலவை விளைப்பதன்று. முன்னுள்ள இயமம், நியமம், ஆதனம் என்னும் மூன்றும், பின்னே புலன்களை அகமுகப்படுத்தும் பிரத்தியாகாரமும், அதன்மேல் தாரணை, தியானம், சமாதியும் ஆகிய அதிகாரங்கள் யாவுங் கூடினும், சிறு நூலொன்றிற் சில தாள்களே மிகும்.